மூச்சை எண்ணுகிறவர்கள்

(ஜூபிலி ஆண்டின் நோயாளர் நாளன்று, மாலைத் திருப்பலிக்குப் பின் பங்கு மண்டபத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இன்று லூர்து அன்னையின் திருநாள். பிப்ரவரி 11-ஆம் நாளை நோயாளருக்குரிய நாளாகத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1992-இல் ஏற்படுத்தினார். ஜூபிலி ஆண்டில் இந்நாளை எப்படிக் கொண்டாடலாம் என்று விழாக்குழு கூடியபோது, நோயாளருக்குப் பழமும் ரொட்டியும் கொடுக்கலாம் என்றார் ஒருவர். கெபி வரை பவனி போகலாம் என்றார் மற்றொருவர். இரண்டையும் செய்தோம். ஆனால் நம் பங்கிலிருந்து ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் பிள்ளைகளை இதுவரை நாம் ஒருமுறையாவது மேடையேற்றியதுண்டா என்று ஒரு தாய் கேட்டார். அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கூட்டம்.

அவர்களை வாயாரப் புகழ்ந்துவிட்டுச் சால்வை போர்த்தி அனுப்புவது எளிது. அப்படிச் செய்ய நமக்கு மனமில்லை. அவர்கள் செய்கிற வேலைகளில் ஒன்றே ஒன்றை எடுத்து, அது என்ன, ஏன், எப்படி என்று உங்களுக்குச் சொல்லப் போகிறோம். அந்த வேலை, படுக்கையில் கிடக்கிறவரின் மூச்சைப் பார்ப்பது. இதென்ன பெரிய வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில், ஓர் ஆஸ்பத்திரியில் நோயில்பூசுதல் கொடுக்கப் போயிருந்தோம். கட்டிலருகே ஒரு நர்ஸ் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தம் கடிகாரத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். நாம் எண்ணெய்ச் சிமிழுடன் காத்திருந்தோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. "என்ன சிஸ்டர், டியூட்டி முடியும் நேரமா?" என்று சற்றுக் கேலியாகவே கேட்டுவிட்டோம். அவர் கையைக் காட்டி நம்மை அமர்த்தினார். பிறகு வெளியே வந்து, "நாடி பார்த்து முடிச்சு அரை நிமிஷமாச்சு ஃபாதர். மூச்சை எண்ணிட்டிருந்தேன். எண்ணுறது தெரிஞ்சா அவரே மூச்சை மாத்திடுவாரு. அதான் கையை விடலே" என்றார். எட்டு ஆண்டு குருமடத்தில் படித்த நமக்கு, பக்கத்தில் நின்றுகொண்டே தெரியாமற்போன சங்கதி அது.

நலமாயிருக்கும் பெரியவர் ஒருவர் சும்மா இருக்கையில் நிமிடத்திற்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். 16 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 23,000 தடவை. நாம் ஒன்றையும் எண்ணுவதில்லை. உடம்பிற்குள் எங்கேனும் கேடு தொடங்கினால், இரத்தத்தில் பிராணவாயு குறைந்தாலும், புளிப்புத் தன்மை ஏறினாலும், நச்சுக்கிருமி பரவினாலும், முதலில் மாறுகிறவற்றுள் ஒன்று இந்த எண்ணிக்கை. இரத்த அழுத்தம் பெரும்பாலும் கடைசி வரை தாக்குப்பிடித்துவிட்டுத் திடீரென்று விழும். மூச்சோ பல மணி நேரத்திற்கு முன்பே தகவல் சொல்லிவிடும். 1993-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, வார்டில் படுத்திருப்போரில் நிமிடத்திற்கு 27-க்கு மேல் மூச்சு வாங்குகிறவருக்கு இதயம் நின்றுபோகும் அபாயம் அதிகம் என்று கண்டது. இங்கிலாந்தில் 2012-இல் வகுத்து 2017-இல் திருத்திய மதிப்பெண் முறையொன்று உண்டு. அதில் மூச்சு 21 முதல் 24 வரை என்றால் 2 மதிப்பெண். 25-ஐத் தொட்டால் 3. பரீட்சையில் போலல்ல, இங்கே மதிப்பெண் கூடக்கூட ஆபத்து. மூச்சு 8-ம் அதற்குக் கீழும் போனாலும் அதே 3 தான். இந்தக் கடைசி வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; இதற்குத் திரும்பி வருவோம்.

கருவி இருக்கிறதே சாமி, விரலில் மாட்டினால் தெரிந்துவிடுமே என்று கேட்பீர்கள். கொரோனாக் காலத்தில் நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு அந்தச் சிறு கருவி வந்துவிட்டது. ஜப்பானிய பொறியாளர் தக்குவோ அவோயாகி 1974-இல் கண்ட தத்துவத்தில் அது இயங்குகிறது. அதை நாம் குறைத்துப் பேச மாட்டோம். 2021 மே மாதத்தில், பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வண்டிகள் வரிசைகட்டி நின்ற நாட்களில், போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவருக்கும் பிராணவாயு 80-க்குக் கீழ் போயிருந்ததை அதுதான் காட்டிக்கொடுத்தது. கண்ணை ஏமாற்றும் நோய் அது. ஆனால் கருவியையும் ஏமாற்றும் நிலைகள் உண்டு. கை ஜில்லிட்டுப் போனால் அது தடுமாறும். நகப்பூச்சு இருந்தால் தடுமாறும். புகையில் சிக்கியவருக்கு நச்சுவாயு இரத்தத்தில் ஒட்டிக்கொண்டால் நல்ல எண்ணையே காட்டிப் பொய் சொல்லும். கறுத்த தோலுள்ளவர்களுக்கு உள்ளதைவிடச் சற்று உயர்த்திக் காட்டுவதுண்டு என்று 2020-இல் எடுத்துக்காட்டினார்கள். நம்மவர்கள் நிறம் உங்களுக்குத் தெரியும். எல்லாவற்றிற்கும் மேலாக, முகமூடி வழியாகப் பிராணவாயு ஓடிக்கொண்டிருக்கும்போது விரலில் 97 என்று இருக்கும். மூச்சுவிடும் தசைகளோ களைத்து ஓய்ந்துகொண்டிருக்கும். உள்ளே வரவேண்டியது வருகிறது, வெளியேற வேண்டிய கரியமில வாயு வெளியேறுவதில்லை. இதைக் கருவி சொல்லாது. கட்டிலருகே நிற்கும் மனுஷிதான் சொல்ல வேண்டும்.

அவள் எதைப் பார்க்கிறாள்? நம் பங்கைச் சேர்ந்த, தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் ஒரு மகளிடம் நாம் மாணவனைப்போல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டதைச் சொல்கிறோம். முதலில் அறை வாசலிலிருந்தே பார்ப்பார்களாம். நோயாளி எப்படி இருக்கிறார்? கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரு கைகளையும் முன்னே ஊன்றி, தோளைத் தூக்கிக்கொண்டு இருக்கிறாரா? பேர் என்ன, சாப்பிட்டீர்களா என்று கேட்டால் முழு வாக்கியமாகப் பதில் வருகிறதா, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்குகிறாரா? மூக்குத்துவாரம் விரிகிறதா? கழுத்துக் குழி உள்வாங்குகிறதா? விலாவெலும்புகளுக்கு இடையே தோல் பள்ளம் விழுகிறதா? மார்பு எழும்போது வயிறும் கூடவே எழவேண்டும். மார்பு எழ வயிறு அமுங்கினால் தசை களைத்துவிட்டது என்று பொருள். இரு பக்கமும் ஒத்து எழுகிறதா? உதடும் நாக்கும் நீலம் பாரித்திருக்கிறதா? இதற்கெல்லாம் பிறகுதான் கடிகாரம். அதுவும் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவதில்லை, முழு நிமிடம். ஏனெனில் கெட்டுப்போன மூச்சு ஒழுங்காக வருவதில்லை. முதல் கால் நிமிடத்தில் எட்டும் அடுத்ததில் இரண்டுமாக வரும்.

மூச்சு வகைகளிலேயே வைத்தியர்களின் பெயர் தாங்கியவை இருக்கின்றன. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி இரத்தம் புளித்துப்போனவர், ஆழமாயும் வேகமாயும் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருப்பார். வாயில் பழம் கனிந்தாற்போல ஒரு வாடை வரும். 1874-இல் குஸ்மால் என்ற ஜெர்மானிய வைத்தியர் எழுதி வைத்தது. நம் வீடுகளில் இதை இளைப்பு என்று எண்ணிக் கஷாயம் கொடுப்பார்கள், கொடுக்கவேண்டியது இன்சுலின். மற்றொன்றை நம் போன்ற குருக்கள் நன்கு அறிவோம், பெயர்தான் தெரியாமலிருந்தது. அவஸ்தைப்படுகிறவரின் மூச்சு சிறிது சிறிதாய்ப் பெரிதாகி, மறுபடி சிறுத்து, நின்றே போகும். "போயிட்டாரே" என்று பெண்கள் குரலெடுப்பார்கள். பத்து இருபது நொடி கழித்து மீண்டும் ஒரு மூச்சு வரும். டப்ளின் நகரத்து வைத்தியர்கள் இருவர், செய்ன் 1818-இலும் ஸ்டோக்ஸ் 1854-இலும், இதை விவரித்திருக்கிறார்கள்.

இதோடு சேர்த்து ஒரு புனிதரைச் சொல்லாமல் விட முடியாது. இத்தாலியில் 1550-இல் பிறந்த கமில்லஸ் ஒரு போர்வீரர். சூதாடி உடுத்தியிருந்ததையும் இழந்தவர். காலில் ஆறாத புண்ணுடன் ரோமை நகர் ஆஸ்பத்திரியில் நோயாளியாகச் சேர்ந்து, பின்பு அங்கேயே நோயாளருக்கு ஊழியராகி, சிவப்புச் சிலுவை தரித்த துறவற சபையைத் தொடங்கினார். அவர் செய்த ஓர் ஏற்பாட்டை வரலாற்றாசிரியர்கள் குறித்திருக்கிறார்கள். அந்நாள் ஆஸ்பத்திரிகளில் சிலர் உயிர் இருக்கும்போதே இறந்தவராக எண்ணப்பட்டுப் புதைக்கப்பட்டதை அவர் கண்டுபிடித்தார். ஆகவே கடைசி மூச்சு போனதாகத் தோன்றிய பின்னும் கால் மணி நேரம் ஜெபம் தொடரவேண்டும், முகத்தை அவசரமாய் மூடக்கூடாது என்று தம் சகோதரர்களுக்குக் கட்டளையிட்டார். அந்தக் கால் மணி நேரமும் அவர்கள் ஜெபித்தார்கள் என்பது உண்மை. கூடவே மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். செவிலியருக்கு அவரைத் திருச்சபை பாதுகாவலராகத் தந்திருப்பது பொருத்தமே.

இப்போது நாம் சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் இருந்தபோது நடந்தது. ஊரையும் ஆஸ்பத்திரியையும் சொல்லப்போவதில்லை. ஒரு தாய், நிமோனியாக் காய்ச்சலில் இரண்டு நாளாய் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முகமூடியைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தார். பிள்ளைகள் கையைப் பிடித்துக் கட்டினார்கள். நாமும், "அமைதியாயிருங்கம்மா, ஆண்டவரை நினைச்சுக்கோங்க" என்று கடிந்துகொண்டோம். காற்றுக்குத் தவிக்கும் மூளை உடம்பைப் படுத்தும் பாடு அது, பிடிவாதமல்ல என்று அன்று நமக்குத் தெரியாது. இரவு பத்து மணிக்கு மேல் அவர் அடங்கினார். மூச்சு மெதுவானது. கண் செருகியது. மூத்த மகள் ஓடி வந்து, "சாமி, அம்மா நிம்மதியா தூங்குறாங்க" என்றாள். எல்லோரும் முழந்தாளிட்டு ஜெபமாலை சொன்னோம், நன்றி ஜெபமாலை. அந்த வார்டில் அன்றிரவு அத்தனை கட்டிலுக்கும் சேர்த்து ஒரே ஒரு நர்ஸ். கட்டில் காலில் தொங்கிய தாளில் மூச்சு என்ற வரிசையில் மேலிருந்து கீழ்வரை 20, 20, 20 என்று எழுதியிருந்தது. அது எண்ணி எழுதியதல்ல என்று இன்று நமக்குத் தெரியும். விடியுமுன் அவர் இறந்துபோனார்.

வேகமாய் மூச்சு வாங்கியவர், நோய் தணிந்ததற்கான வேறு அறிகுறி ஏதுமின்றித் திடீரென அடங்கிப்போனால், அது களைப்பு. ஓடியவன் மூச்சிரைத்து விழுந்துவிட்டான் என்று பொருள். எழுப்பினால் எழுந்து பேசுகிறாரா என்று பார்க்கவேண்டும். பேசினால் தூக்கம். சரியாய் விழிக்காமல் முனகினால், அந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிடவேண்டும். அந்த அம்மாள் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நாம் சொல்லவில்லை. அது ஆண்டவருக்கே வெளிச்சம். ஆனால் அடையாளம் நம் கண்ணெதிரே இருந்தது. பத்துப் பேர் பார்த்தோம். ஒருவரும் அறியவில்லை.

அந்த 20 எழுதிய பெண்ணின்மேல் நமக்குக் கோபம் இருந்தது. இன்று அவ்வளவு இல்லை. சுவாசக் கருவியில் இருக்கிற ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது விதி. நாற்பது கட்டிலுக்கு ஒருத்தி முழு நிமிடம் எண்ணத் தொடங்கினால், எண்ணி முடிக்கவே முக்கால் மணி ஆகும். அதற்குள் ஊசி போட நேரம் வந்துவிடும். ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில், நாளை வேலை உண்டா என்று தெரியாமல் நிற்கிற பிள்ளைகள் நம் பங்கிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வீதியில் அமர்ந்து போராடியபோது நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? ஆஸ்பத்திரிக்குப் போனால் மட்டும் "இன்னா சிஸ்டர், கண்டுக்கவே மாட்டேன்றீங்க" என்று சத்தம் போடுகிறோம்.

கன்னியரையும் சிஸ்டர் என்கிறோம், நர்ஸையும் சிஸ்டர் என்கிறோம். வெள்ளையுடுத்திய கன்னியர்கள் ஆஸ்பத்திரிகளில் பணிசெய்ததைப் பார்த்துப் பழகிய நாக்கு நம்முடையது. தமிழிலோ செவிலி என்றால் வளர்ப்புத் தாய் என்று சங்கப் பாடல்களின் வழக்கு. எது சிறந்த பெயர் என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை.

மூச்சைப் பற்றிப் பேசுவதற்குக் காத்திவாக்கத்தைவிடத் தகுந்த இடம் உண்டா? 1970-இல் தொடங்கி 2017-இல் மூடும் வரை அனல்மின் நிலையத்துச் சாம்பலை வாங்கிய நெஞ்சுகள் நம் பங்கில் எத்தனையோ. விறகடுப்பிலும் கருவாட்டுப் புகையிலும் வாழ்நாளைக் கழித்த பாட்டிமார் இருக்கிறார்கள். இவர்களைப் பற்றி நம் மகள் ஓர் எச்சரிக்கை சொன்னாள். நாட்பட்ட நெஞ்சுச்சளி நோயுள்ள சிலருக்குப் பிராணவாயுவை அள்ளிக் கொடுத்தால் கரியமில வாயு ஏறி மயக்கமே வரும். அவர்களுக்கு விரல் கருவியில் 88 முதல் 92 வரை இருந்தாலே போதும் என்று வைத்தியர் குறிப்பார்கள். ஆகவே, "பாட்டிக்குக் காத்தை இன்னும் கொஞ்சம் தொறந்து வுடு" என்று உறவினர் குமிழைத் திருகக்கூடாது. திருகியிருக்கிறார்கள். யாரென்று நாம் சொல்லவில்லை.

2023 டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் இரவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நள்ளிரவை நெருங்கும் வேளையில் பெரியகுப்பத்துக் கரையருகே, கடலடியில் போயிருந்த அமோனியா குழாயில் கசிவு. புயல் வெள்ளமும் எண்ணெய்ப் படலமும் வந்துபோன அதே மாதம். பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, கண்ணெரிய, நெஞ்சடைக்க, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஸ்டான்லிக்கும் கொண்டுபோனார்கள், 1782 பஞ்சத்தில் கஞ்சித்தொட்டியாய்ப் பிறந்த ஆஸ்பத்திரி அது, வடசென்னைக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் அதன் வாசல்தான்.

அமோனியா தண்ணீரைத் தேடிப் போகும் வாயு. கண், மூக்கு, தொண்டை என்று ஈரமுள்ள இடமாய்ப் பிடித்துக்கொண்டு எரிக்கும். தொண்டைக்குள் வீக்கம் கொடுக்கும். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த நம் பங்கு நர்ஸ் ஒருத்தி அன்றிரவு சாலையோரம் நின்றாள். கையில் ஒரு கருவியும் இல்லை. கத்தி அழுகிற பிள்ளைகளை அவள் இரண்டாவதாகப் பார்த்தாள். அழ முடிகிறதென்றால் காற்றுப் போய்வருகிறது. குரல் கம்மியவர்களை, எச்சில் விழுங்க முடியாதவர்களை, மூச்சை உள்ளிழுக்கும்போது தொண்டையில் விசில் போல் சத்தம் வருகிறவர்களை முதல் வண்டியில் ஏற்றச் சொன்னாள். "சத்தம் போடறவங்களை விட்டுட்டு சும்மா இருக்கறவங்களை ஏத்தறியே" என்று ஒருவர் அவளை ஏசினாராம். அவர் இப்போது இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். நேற்று வந்து, மேடையில் சொல்லலாம் சாமி என்று அனுமதி கொடுத்துவிட்டுப் போனார்.

உலகத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஒன்று பிறந்ததே மூச்சுக்காகத்தான். 1952-இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவி, மார்புத் தசை செயலிழந்து மக்கள் மடிந்தார்கள். இப்சன் என்ற மயக்க மருந்து வைத்தியர், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிடச் செய்து, குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி அவளைப் பிழைக்க வைத்தார். பிறகு சுமார் 1,500 மாணவர்கள் முறைபோட்டு இரவும் பகலும் பை அமுக்கினார்கள். இன்று அந்த வேலையை இயந்திரம் செய்கிறது. ஆனால் குழாயில் சளி அடைத்ததா, மார்பு இரு பக்கமும் எழுகிறதா, இயந்திரத்தோடு நோயாளி சண்டையிடுகிறாரா என்று இயந்திரத்தை நம்பாமல் பார்க்கிற ஒருத்தி பக்கத்தில் வேண்டும்.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை, இளந்தாய்மார் கவனிக்க. குழந்தையின் மூச்சு இயல்பிலேயே வேகம். சளியும் இருமலும் உள்ள பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்து எண்ணுங்கள். இரண்டு மாதத்திற்குட்பட்டதற்கு 60, ஒரு வயதுக்குட்பட்டதற்கு 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டால் அது வேக மூச்சு. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எண்ணிக்கொண்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மந்திரிக்க நம்மிடம் தூக்கி வரவேண்டாம். ஆஸ்பத்திரிக்கு நாமே வந்து ஜெபிக்கிறோம்.

மண்ணால் செய்த மனிதனின் நாசியில் ஆண்டவர் தம் மூச்சை ஊதினார் என்று வேதாகமத்தின் தொடக்கத்தில் படிக்கிறோம். எபிரேய மொழியில் காற்றுக்கும் மூச்சுக்கும் ஆவிக்கும் ஒரே சொல்தான் என்று குருமடத்தில் பேராசிரியர் சொன்னபோது குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு தேர்விலும் எழுதினோம். அந்தச் சொல்லின் கனம் நமக்குத் தெரிந்தது குருமடத்தில் அல்ல. மணிக்கட்டை விடாமல் அரை நிமிடம் கூடுதலாய் நின்ற அந்த நர்ஸைக் கண்டபோதுதான்.

நம் உரை நீண்டுவிட்டது. தேநீர் ஆறுகிறது என்று விழாக்குழுத் தலைவர் சைகை காட்டுகிறார். ஆனால் அதற்கு முன் ஒரு காரியம். சாலையில் நின்ற அந்த மகள் இப்போது மேடைக்கு வருகிறாள். சால்வைக்குப் பதிலாக, பங்கின் சார்பில் அவளுக்கும் மற்ற பதினொரு பேருக்கும் நொடிமுள் உள்ள கைக்கடிகாரம் ஒவ்வொன்று கொடுக்கிறோம். அவள் பூசை மணியை ஒருமுறை அடிப்பாள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி அடிப்பாள். அதற்கிடையில் நீங்கள் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் மூச்சை எண்ணவேண்டும். எண்ணுவதாக அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.